எரியாத நோட்டு

14

போன வாரம் கேதகியை மாடிப்படியில் நிறுத்திவிட்டு வந்தோம். கையில் போன், காதில் பிசாகாவின் குரல்: "இந்தத் தடவை அவரையும் கூட்டிட்டு வரேன் தீதி." ஏழு நாளாக அவள் அந்தப் படியிலேயே நிற்கிறாள் என்று எனக்கே உறுத்துகிறது. இன்றைக்கு இறக்கிவிடலாம். இறங்கி அவள் போகப்போகிற இடம் படியைவிடச் சௌகரியமானது இல்லை என்பது வேறு விஷயம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. வங்காளத்தில் தீதி என்றால் அக்கா, பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற 'தா' அண்ணன், மாசி சித்தி, பாபா அப்பா.

கேதகி குண்டுவும் அவள் கணவன் தேபதோஷும் கல்கத்தாவில், காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில், இருபத்திரண்டு வருடமாக 'ஆட்பௌரே' என்ற சின்னப் பதிப்பகத்தை நடத்துகிறார்கள். ஆட்பௌரே என்றால் வீட்டில் அன்றாடம் புடவை கட்டுகிற கட்டு. மெயின் ரோட்டுப் பெரிய பதிப்பாளர்கள் தொடாத எழுத்தெல்லாம் இங்கேதான் வரும். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சொன்ன கதைகள், சிறையிலிருந்து ஒருவர் தங்கைக்கு எழுதிய கடிதங்கள், கை ரிக்‌ஷா இழுத்தவரின் வாழ்க்கை, முந்நூறு அச்சடித்து நூற்றெண்பது பரணில் தங்கிவிடும் கவிதைகள்.

இவர்களுடைய ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: 'எழுதியவர் எழுதியபடி.' ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டோம் என்று தேபதோஷ் மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்வான். கிடைக்காத இடத்தில் சத்தமாகச் சொல்வான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சுந்தரவனத்துத் தீவு ஒன்றிலிருந்து தபாலில் ஒரு நோட்டு வந்தது. ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் அனுப்பியிருந்தார். எழுதியவள் பிசாகா காயேன், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் குஞ்சு பிடிப்பவள். அதுதான் 'உப்புத் தண்ணீர் நோட்டு' என்று புத்தகமானது. நாலு பதிப்பு, ஒரு விருது. மூடுகிற நிலையில் இருந்த பதிப்பகம் அதனால்தான் இன்றைக்கும் திறந்திருக்கிறது.

படித்தவர்கள் எல்லோரும் பேசுவது நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதிமூன்றாம் பக்கங்களைப் பற்றித்தான். குடித்துவிட்டு வந்த படகோட்டிக் கணவன் ஜோகென், பிசாகா முதன்முதலாக எழுதிய நோட்டை ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பில் போடுகிற இடம். ஒரு பெண்கள் கல்லூரியில் அதிலிருந்து இரண்டு வரியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு பக்கத்தை எழுதியது பிசாகா இல்லை. கேதகி.

நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'அந்த நோட்டு போய்விட்டது. இரண்டு நாள் அவர் பேசவே இல்லை. அப்புறம் புதுசா எழுத ஆரம்பித்தேன்.' அடிக்கிற கணவன், குடிக்கிற கணவன், நோட்டு போய்விட்டது, வாய் திறக்காமல் இருக்கிறான். வேறு என்ன நடந்திருக்கும்? கேதகிக்குச் சந்தேகமே வரவில்லை. புத்தகச் சந்தைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. தீவுக்கு அச்சுப்படி போய்த் திரும்பி வர அது போதாது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினை.

இன்று பொய்லா பைசாக், வங்காள வருஷப்பிறப்பு. காலேஜ் ஸ்ட்ரீட்டில் அன்றைக்குப் பதிப்பாளர் வீட்டுக் கல்யாணம் மாதிரி. எழுத்தாளர்கள் புதுத் துணி உடுத்தி, தங்கள் புத்தகம் போட்டவர்களின் படியேறுவார்கள். இளநீர், லூச்சிப் பூரி, சந்தேஷ் இனிப்பு, அரட்டை. அந்தப் படியில்தான் இன்று ஜோகென் ஏறப்போகிறான்.

*

காலை ஒன்பதரைக்கே வெயில் சுட்டது. கேதகி சந்துக்குள் நுழைந்து படியேறும்போது அவள் மகள் ரிம்லி படி முடிகிற இடத்தில் ஸ்டூல் போட்டு நின்று ஒரு பெரிய சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள். ரிம்லிக்கு இருபது வயது. ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். பிசாகா புத்தகத்தின் ஐந்தாம் பதிப்புக்கு அட்டை வரைந்தது அவள்தான்; அதே படம்தான் சுவரொட்டியிலும்.

கறுப்புப் பின்னணி. நடுவில் எரிகிற நோட்டு. அதைப் பிடித்திருக்கும் ஓர் ஆண் கை.

"எப்படி இருக்கு மா?"

"நல்லா இருக்கு. அத எடுத்துடு."

"என்னது?"

"அந்தாளு வர்றார்டி. பிசாகாவோட வீட்டுக்காரர். ஏறினதும் மூஞ்சிக்கு நேரா..."

ரிம்லி ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "வரட்டும். நல்லா பாக்கட்டும். நீதானே சொல்லிக் குடுத்தே, எழுதறவங்க பக்கம் நிக்கணும்னு? இப்ப என்ன, விருந்தாளி வர்றார்னு மறைச்சு வெக்கணுமா?"

கேதகி வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்று நெஞ்சு வரை வந்தது. மகள் அத்தனை பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பசை காயறதுக்குள்ள நேராக்கு, சாஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கேதகி உள்ளே போய்விட்டாள். சுவரொட்டி சாய்ந்திருக்கவில்லை.

பின்னறையில் தேபதோஷ் புத்தகக் கட்டுகளைச் சுவரோரம் நகர்த்தி உட்கார இடம் பண்ணிக்கொண்டிருந்தான். புது ஜிப்பாவின் முதுகு அதற்குள் நனைந்திருந்தது. இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. இன்றும் ஒருவரையொருவர் நீ, வா, போதான்.

"சுலக்னா பன்னெண்டு மணிக்கு வர்றா" என்றான். "பத்து நாளா மனப்பாடமாம். தாளப் பாக்காமயே சொல்லுவாளாம்."

சுலக்னா மேடையில் கவிதையும் உரைநடையும் உருக்கமாகச் சொல்கிறவள். அவள் சொல்லப்போவது எந்தப் பகுதி என்று கேட்க வேண்டியதே இல்லை.

"தேபு, அந்தப் பக்கம் வேண்டாம்."

"எந்தப் பக்கம்?"

"நூத்திப் பன்னெண்டு. ஜோகென் வர்றார்."

"அவனும் கேக்கட்டும். பண்ணினவன் உக்காந்து ஒரு தடவ கேட்டா என்ன கொறஞ்சு போச்சு?"

"அவர் பண்ணல."

"பிசாகா எழுதியிருக்காளே."

"பிசாகா எழுதல. நான் எழுதினேன்."

தேபதோஷ் முதலில் சிரித்தான். வருஷப்பிறப்பு வேடிக்கை என்று நினைத்திருக்க வேண்டும். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டின் மேல் வைத்தான். கேதகி நோட்டில் இருந்த மூன்று வாக்கியத்தையும், தான் அதை என்ன செய்தாள் என்பதையும் சொன்னாள். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருடமாகச் சொல்ல முடியாமல் இருந்தது இவ்வளவு சின்ன விஷயமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"எத்தன மேடைல சொல்லியிருக்கேன்?" தேபதோஷின் குரல் இறங்கியிருந்தது. "ஒரு கமாகூட மாத்த மாட்டோம்னு. விருது வாங்கினப்ப மைக்ல சொன்னேன்."

"தெரியும். பக்கத்துல உக்காந்து தலையாட்டினது நான்தான்."

"அவளுக்குத் தெரியுமா?"

"புஸ்தகம் அவ கையில இருக்கு. படிச்சிருப்பா."

"ஒண்ணும் கேக்கலயா?"

"இல்ல."

"நீயும் கேக்கல."

கேதகி ஒரு புத்தகக் கட்டின் கயிற்றை இறுக்கினாள்.

"வேற எங்கயாச்சும் கை வெச்சியா?"

"இல்ல" என்றாள். உடனே சொன்னாள்.

வெளியே யாரோ இளநீர்க் குலையைப் படியில் இறக்கும் சத்தம். தேபதோஷ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். "இன்னிக்கு ஒண்ணும் சொல்லாத. இன்னிக்கு மட்டும் வேண்டாம். சுலக்னாவ வேற பகுதி படிக்கச் சொல்லிடறேன். அவங்க ரெண்டு பேரும் வந்துட்டு நல்லபடியா போகட்டும். அப்புறம் யோசிக்கலாம்."

பெரிய பதிப்பாளர்களைக் கோழைகள் என்று இருபத்திரண்டு வருடம் திட்டியவன் இவன். கேதகியும் சரியென்று தலையாட்டினாள். இந்த வீட்டில் தலையாட்டுகிற வேலை அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

சுலக்னா போனிலேயே முகம் சுளித்தது கேட்டது. "இறால் குஞ்சு பிடிக்கற பகுதியா? தேபதோஷ்-தா, அதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

*

பதினோரு மணிக்குள் முன்னறையில் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். உட்கார இடம் இருபது பேருக்கு. கவிஞர்கள் புத்தகக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள், அநேகமாகத் தங்கள் புத்தகங்களின் மேலேயே. ஓய்வுபெற்ற பேராசிரியர் நிகிலேஷ் பாபு ஒருவருக்கு மட்டும் சாய்வு நாற்காலி.

பிசாகா சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் வந்தாள். அவளைப் பார்த்ததும் அறையே எழுந்தது. இரண்டு கல்லூரிப் பெண்கள் ஓடிப்போய்க் காலைத் தொட்டார்கள்.

அவளுக்குப் பின்னால், படி முடிகிற இடத்தில், ஒரு மனிதர் நின்று சுவரொட்டியை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லி உடம்பு. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட இஸ்திரிச் சட்டை. எண்ணெய் வைத்து வாரிய தலை. இரண்டு கையாலும் ஒரு பெரிய பாட்டிலை மார்போடு அணைத்திருந்தார்.

"படம் நல்லா இருக்கு" என்றார் ஜோகென், கேதகியைப் பார்த்து. "அடுப்பா இது? எனக்குப் படிக்க வராதுங்க தீதிமோனி. கையெழுத்துதான் போடுவேன். இந்தாங்க தேன். இந்த மாசத்து முதல் தேன். ரயில்ல மடில வெச்சு கொண்டாந்தேன்."

கேதகி வாங்கிக்கொண்டாள். பாட்டில் கனத்தது. "உள்ள வாங்க ஜோகென்-தா."

"ரயில்ல பக்கத்துல இருந்தவர் எங்க போறீங்கன்னாரு. எங்க வீட்டம்மா புஸ்தகம் போட்ட கம்பெனில விருந்துன்னேன். நம்பல அவரு. இவ பையிலேர்ந்து எடுத்துக் காட்டினா, அப்புறந்தான் நம்பினாரு." அவர் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. "சாயங்காலம் படகு கட்டிட்டு வந்ததும் வாசிச்சுக் காட்டுவா. மூணு தடவ முழுசா கேட்டாச்சு. நான் அடிச்சத எழுதியிருக்கா. குடிச்சத எழுதியிருக்கா. எல்லாம் சரிதான், அப்படித்தான் இருந்தேன். இப்ப விட்டு ஒம்போது வருஷம்."

முழுசா என்ற சொல்லில் கேதகி பிசாகாவைப் பார்த்தாள். பிசாகா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஜோகென் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தானாகவே உண்டாயிற்று. பக்கத்தில் இருந்த கவிஞர் எழுந்து ஜன்னலோரம் போனார். நிகிலேஷ் பாபு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கல்லூரிப் பெண்கள் பிசாகாவோடு படம் எடுத்துக்கொண்டபோது, அவர் படத்தில் விழாதபடி பக்கத்துக்கு நகர்ந்து நின்றார்கள். பட்டணத்து மனிதர்கள் இப்படித்தான் போல என்று நினைத்தாரோ என்னவோ, அவர் யாரைப் பார்த்தாலும் ஒரு தடவை சிரித்துவைத்தார்.

ஒவ்வொரு தடவை அவர் சிரித்தபோதும் கேதகிக்கு உடம்பு கூசியது. இந்த மனிதரை முப்பது பேருக்கு வெறுக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள். முப்பது பேருக்கா? நாலு பதிப்பு.

தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் பிசாகாவைத் தனியாகப் பிடித்தாள்.

"பிசாகா, அந்த ரெண்டு பக்கம்..."

"பயப்படாதீங்க தீதி. அவருக்கு அத வாசிக்கறதில்ல." பிசாகா டம்ளரைக் கழுவியபடியே சொன்னாள். "சோத்துப் பசை போட்டு ரெண்டையும் ஒண்ணா ஒட்டிட்டேன். தாண்டிப் போறப்ப தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல? ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? என் கிறுக்கல் எழுத்த அச்சுல போட்டீங்க. அதுல ரெண்டு பக்கம் ஆசப்பட்டு நீங்க எழுதிட்டீங்க. புஸ்தகம்னா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்." அவள் தண்ணீர் குடித்தாள். "நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. படிச்சுட்டு நானே அழுதேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.  மன்னித்துவிடு என்று சொல்லக்கூடக் கேதகிக்கு நாக்கு எழவில்லை. அதைச் சொன்னால் பிசாகா 'அதெல்லாம் ஒண்ணுமில்ல தீதி' என்பாள், தானும் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நிம்மதி வேண்டும் என்று மனசு ஏங்கியது இன்னும் கேவலமாக இருந்தது.

முன்னறையில் தேபதோஷ் கைதட்டி எல்லோரையும் அழைத்தான்.

*

ஆட்பௌரேயில் ஒரு வழக்கம். வருஷப்பிறப்பன்று பலகாரத் தட்டை முதலில் வாங்குவது பெரிய எழுத்தாளர் இல்லை. அந்தப் படியை அன்றைக்கு முதல் தடவையாக ஏறியவர். கொடுப்பது வீட்டுப் பெண். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளே கேதகிதான். இந்தக் களேபரத்தில் அது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"இந்த வருஷம் முதல் தட்டு," தேபதோஷ் வழக்கமான மேடைக் குரலில் ஆரம்பித்தான், அப்புறம் அந்தக் குரல் கொஞ்சம் தடுமாறியது, "முதல் தட்டு நம்ம ஜோகென்-தாவுக்கு. ரிம்லி, கொண்டா."

ரிம்லி தட்டோடு வந்தாள். நாலு லூச்சி, உருளைக்கிழங்கு, இரண்டு சந்தேஷ். ஜோகென் எழுந்து நின்று, பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

ரிம்லி ஓர் அடி தள்ளியே நின்றாள்.

"இத நான் குடுக்க மாட்டேன் பாபா."

"ரிம்லி!"

"வேற யார் வேணா குடுக்கட்டும். நோட்ட எரிச்ச கையில நான் குடுக்க மாட்டேன்."

 நீட்டிய கையை ஜோகென் இன்னும் மடக்கவில்லை.

"எந்த நோட்டும்மா?" என்றார்.

"பிசாகா மாசி முதல்ல எழுதின நோட்டு. ஒவ்வொரு தாளா கிழிச்சு அடுப்புல போட்டீங்களே, அது. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்."

ஜோகென் மனைவி பக்கம் திரும்பினார். "புஸ்தகத்துல இருக்கா?"

பிசாகா ஆமென்று தலையசைத்தாள்.

"நீ வாசிக்கலயே."

பிசாகா கேதகியின் பக்கம் திரும்பவே இல்லை. அத்தனை கவனமாகத் திரும்பாமல் இருந்தாள். "நான்தான் எழுதினேன்" என்றாள். "தப்பா எழுதிட்டேன்."

"இல்ல மாசி!" ரிம்லிக்குக் குரல் உடைந்தது. "நீங்க ஒண்ணும் தப்பா எழுதல. பயப்படாதீங்க. நாங்கல்லாம் இருக்கோம்." கல்லூரிப் பெண்களில் ஒருத்தி வந்து பிசாகாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கேதகி பானைக்குப் பக்கத்திலேயே நின்றாள். இப்போது சொல்ல வேண்டும். இப்போது. தேபதோஷ் கூட்டத்துக்கு மேலாக அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாத அளவுக்குத் தலையை அசைத்தான். வேண்டாம். அவள் சொல்லவில்லை.

ஜோகென் தரையைப் பார்த்தபடி யோசித்தார். எதையோ தேடுகிற முகம். 

"அப்பல்லாம் குடிப்பேங்க. பாதி நாள் என்ன பண்ணேன்னு காலைல இவ சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா புஸ்தகத்துல இருக்குன்னா... எரிச்சிருப்பேன்." நீட்டியிருந்த கைகளை எடுத்து இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். "தப்புதான் பாபு. பெரிய தப்பு. மன்னிச்சுடுங்க. இவளப் பாருங்க, என் மனசு நோகும்னு மூணு வருஷமா வாசிக்காம வெச்சிருக்கா."

நிகிலேஷ் பாபு நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இதத்தான் நான் இலக்கியத்தோட சக்தின்னு சொல்றது" என்றவர், கைதட்ட ஆரம்பித்தார். ஜன்னலோரக் கவிஞர் தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். செய்யாத குற்றத்துக்குக் கும்பிட்டு நிற்கிற ஒரு மனிதரைச் சுற்றி முப்பது படித்த மனிதர்கள் கைதட்டினார்கள்.

பிசாகா தட்டவில்லை. அவள் முகம் மாறியிருந்தது. இதுவரை அந்த முகத்தில் யாரும் பார்த்திராத எதுவோ வந்து உட்கார்ந்திருந்தது.

"நிறுத்துங்க" என்றாள் கேதகி.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஜோகெனுக்கு எதிரே வந்து நின்றாள். "கை தட்டாதீங்க! நிறுத்துங்க. அந்த ரெண்டு பக்கத்த எழுதினது நான்."

தட்டல் பாதியில் நின்றது. ஒரே ஒருவர் மட்டும் புரியாமல் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பிசாகா எழுதல. நோட்டு போயிடுச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா. எரிச்சார்னு நானா முடிவு பண்ணி, நானா எழுதி, அவளக் கேக்காம அச்சுக்குக் குடுத்தேன்."  யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பேசுகிறவரைக்கும் பார்க்க வேண்டாம் என்று பேசிக்கொண்டே இருந்தாள். "எழுதியவர் எழுதியபடின்னு மேல போட்டுட்டு உள்ள நான் எழுதினேன். அழுதீங்களே எல்லாரும், அது என் எழுத்து. எனக்கு அப்ப பெருமையா இருந்தது. விருது வாங்கினப்பவும் பெருமையாத்தான் இருந்தது."

ரிம்லியின் கையில் தட்டு சாய்ந்து ஒரு சந்தேஷ் தரையில் விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை. தேபதோஷ் அருகிலிருந்த புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஜோகெனுக்குப் பாதிதான் புரிந்தது. "நீங்களா தீதிமோனி?"

"ஆமா ஜோகென்-தா. நீங்க எரிக்கல."

அவர் பிசாகாவிடம் திரும்பினார். ஒரு சின்னப் பையன் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப நான் எரிக்கலயா?"

"இல்ல" என்றாள் பிசாகா. "ஆய்லாப் புயல்ல கர ஒடஞ்சு தண்ணி உள்ள வந்துச்சே, அதுல போச்சு. பெட்டியோட போச்சு. நீ கழுத்தளவு தண்ணில எறங்கித் தேடினே. கிடைக்கலன்னு வந்து, ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசாம சுவத்தப் பாத்துப் படுத்துக் கிடந்தே."

"ஆமா" என்றார் ஜோகென். "ஆமா. நீல அட்ட." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பவும் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் அவர் பேசவே இல்லை. அந்த வரியைக் கேதகி எத்தனை தடவை படித்திருப்பாள். குற்றவாளியின் மௌனம் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கூட வைத்திருந்தாள். ஒரு மனிதர் தன் மனைவியின் நோட்டுக்காகத் துக்கப்பட்டுக் கிடந்ததை அவளால் கற்பனைகூடப் பண்ண முடியவில்லை. படகோட்டிக்கு அதெல்லாம் தெரியாது என்று எங்கேயோ நினைத்திருக்கிறாள். அந்த நினைப்புதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

நிகிலேஷ் பாபு இளநீரை வைத்துவிட்டுத் தன் குடையைத் தேடினார். 

ரிம்லி அம்மாவின் எதிரே வந்து நின்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "வேற எங்கெல்லாம் மா?"

"வேற எங்கயும் இல்ல" என்று தேபதோஷ் எழுந்தான். மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான். வெகு நேரம் கழித்து அவன் குரலில் பழைய உறுதி இருந்தது. "உங்கம்மா காலைலயே எங்கிட்ட சொல்லிட்டா. அந்த ரெண்டு பக்கம் மட்டும்தான். மத்ததெல்லாம் பிசாகா எழுதினபடியேதான் இருக்கு. அத நான் எங்க வேணாலும் வந்து சொல்வேன்."

கேதகி அவன் கையைப் பிடித்தாள். நன்றியோடு பிடிக்கிறாள் என்று அவன் நினைத்தான்.

பிசாகா மேஜையில் அடுக்கியிருந்த புது அட்டைப் புத்தகங்களில் மேலேயிருந்ததை எடுத்தாள். பின்பக்கமாகத் திறந்து, நாலைந்து தாளைத் தள்ளி, ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"தீதி, கடைசி அத்தியாயத்தப் பத்தி நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"